பினாங்குப் பதில் வரும்வரை

என் வீட்டுக்காரருக்கு வயிறு பெரிதாகத் தொடங்கியபோது ஊரே சந்தோஷப்பட்டது. குத்தலாகச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன். திருமயத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பக்கத்தில், வியாபாரக் குடும்பத்து ஆம்பளைக்கு நாற்பது தாண்டியும் வயிறு வைக்கவில்லை என்றால்தான் விசாரிப்பார்கள். "என்ன, கடை சரியா ஓடலையா?" என்பார்கள். வயிறு வைத்துவிட்டால் கேள்வியே கிடையாது. ஆள் நிமிர்ந்துவிட்டார் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்வார்கள்.

இவர் அதுவரை ஒல்லிக்குச்சி. ரங்கூனில் கடையில் இருந்தவர், சண்டைக் காலத்தில் குண்டு விழுந்ததும் காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தார். வரும்போதே கண்ணெல்லாம் மஞ்சள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், மஞ்சள் இறங்கியது, அதோடு அதை மறந்துவிட்டோம். ஈரல் மறக்கவில்லை என்பது பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் சமஸ்தானம் போய்ச் சர்க்கார் மாறி, இவரும் அறந்தாங்கியில் ஜவுளிக்கடை வைத்து, வாரம் முழுக்க அங்கிருந்துவிட்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு வாரமும் வயிறு கொஞ்சம் கூடுதலாக வந்து இறங்கியது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீடு வரைக்கும் பாராட்டுத்தான். "அப்பச்சி சாயல் வந்துருச்சே!" என்றார் ஒருவர். அவருடைய அப்பச்சி, அதாவது என் மாமனார், நல்ல தொந்தி போட்ட மனுஷர், அந்தத் தொந்தியோடு ஊர்க்கோயில் நிர்வாகம் பார்த்தவர். மகனுக்கும் தொந்தி வந்துவிட்டது, இனி நிர்வாகமும் வரும் என்று பேச்சு. இவரும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே வருவார். பெருமை இல்லாமலா?

கை கால் குச்சியாகிக்கொண்டு வந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் நான்தானே. தோள்பட்டை எலும்பு கையில் இடிக்கிறது, வயிறு மட்டும் இறுகி நிற்கிறது, தொப்புள் வெளியே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. இது எந்த ஊர் செழிப்பு? ஒரு சனிக்கிழமை கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்திருக்கவே இல்லை. 

"வாங்க, டாக்டர்கிட்டப் போவோம்" என்றேன். "கடையைப் போட்டுட்டா?" என்றார். "கடையைப் போட்டுட்டுத்தான்" என்று திங்கட்கிழமை நானும் அவரோடு பஸ் ஏறிவிட்டேன்.

அறந்தாங்கி டாக்டர் அதிகம் பேசாதவர். இவரைப் படுக்கவைத்து வயிற்றில் விரலால் தட்டினார். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி தட்டினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இது கொழுப்பு இல்லைங்க, தண்ணி. ஈரல் சுருங்கிப்போயி வயித்துல நீர் கோத்துக்கிட்டிருக்கு. மகோதரம்னு வைத்தியருங்க சொல்லுவாங்களே, அது. குடிப்பழக்கம் உண்டுங்களா?"

இவர் படுத்திருந்த பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார். காபியைக்கூடக் கெட்டியாகக் குடிக்காத மனுஷன். "என்ன கேட்டீங்க?" என்றார்.

"எல்லாரையும் கேக்குற கேள்விதான், உக்காருங்க. முன்னாடி வந்த காமாலையாலும் இப்படி ஆகும்" என்ற டாக்டர், புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி என் கையில் கொடுத்தார். இவர் கையில் கொடுக்கவில்லை, என் கையில் கொடுத்தார். நல்ல டாக்டர். "நாளைக்கே போங்க. ஒரு வாரத்துக்கு மேல தள்ளாதீங்க. நீரை எடுத்துவிட்டு மருந்து குடுப்பாங்க. உப்பை அறவே குறைங்க. காய்ச்சல் வந்தாலோ, வயிறு வலிச்சாலோ, பேச்சு தடுமாறினாலோ அன்னிக்கு அந்த நிமிஷமே கொண்டுபோயிரணும். அதுக்கப்புறம் நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்குதான்."

நானும் பைத்தியக்காரி, மறுநாளே போய்விடுவோம் என்று நினைத்துப் பெட்டியில் நாலு வேட்டி எடுத்து வைத்தேன்.

இங்கே என் மூத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய அண்ணன். மாமனார் போனபின் வீட்டுக்குத் தலை அவர்தான். கெட்டவர் இல்லை. தம்பி மேல் உயிரையே வைத்திருந்தார். அதே மாதிரி முறை மேலும் உயிரை வைத்திருந்தார், அதுதான் சங்கடம். நான் அவரிடம் நேரே பேசக்கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். உள்கட்டான வளவின் வாசலில் நின்று தூணைப் பார்த்துப் பேச வேண்டும். அவரும் தூணைப் பார்த்தே பதில் சொல்வார். அந்த வீட்டில் எல்லாருடைய மனசும் தெரிந்தது அந்தத் தூணுக்குத்தான்.

"நாளைக்கே புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு" என்றேன் தூணிடம்.

"நாளைக்குச் செவ்வாக்கெழமை" என்றார். "புதனும் போக முடியாது. பங்காளிக யாருக்கும் இன்னும் சொல்லலையே?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்களுக்குப் பங்காளி வீடு பத்தொன்பது. ஒரே பாட்டன் வழியில் பிரிந்து பிரிந்து வந்த தாயாதிக்காரர்கள். கல்யாணமோ, காதுகுத்தோ, கப்பல் ஏறுவதோ, வீட்டில் எந்தப் பெரிய காரியம் என்றாலும் முதலில் பத்தொன்பது வீட்டுக்கும் ஆம்பளை நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மூத்த வீட்டில் தொடங்கி இளைய வீட்டில் முடிக்க வேண்டும். வரிசை தப்பக்கூடாது. ஒரு வீட்டுக்காரர் விஷயத்தை வேறு வாயால் கேள்விப்பட்டுவிட்டாரோ, தொலைந்தது. சொல்லாமல் விட்ட ஒரு காதுகுத்துக்காக மூன்றாம் வீடும் எட்டாம் வீடும் பேச்சு நிறுத்தி, காது குத்திக்கொண்ட பிள்ளை தன் பிள்ளைக்குக் காது குத்துகிற வரைக்கும் அது நீண்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதும் பெரிய காரியம்தான் என்று மூத்தார் தீர்மானித்துவிட்டார்.

"டாக்டரு ஒரு வாரத்துக்கு மேல தள்ளக்கூடாதுங்கிறாரு."

"டாக்டருக்கென்ன, பங்காளி இல்லாத மனுஷன்" என்றார். "சொல்லிக்காமக் கொள்ளாமப் போறதுக்கு எந்தம்பி என்ன அநாதையா?"

இதுவாவது போகட்டும். அடுத்தது வந்தது பாருங்கள். "ஈரல்ங்கிற வார்த்தை இந்த முகப்பைத் தாண்டக் கூடாது" என்றார். மதுவிலக்கு வந்திருந்த காலம் அது. ஈரல் என்று வாயெடுத்தால் போதும், எந்தத் தோப்பில், யார் காய்ச்சியது என்று அடுத்த கேள்வி வரும். "ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு. தகப்பன் குடிச்சு ஈரல் போனவன்னு பேரு வந்தா எவன் பொண்ணெடுப்பான்? வாயுன்னு சொல்லிக்கிருவோம்."

ஆக, ஏற்பாடு இப்படி ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். எதற்குப் போகிறோம் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லக்கூடாது. நன்றாக இருக்கிறதல்லவா?

புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து மூத்தார் அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒரு வீட்டுக்குப் போனால் சும்மா சொல்லிவிட்டு வர முடியுமா? உட்கார வேண்டும், காபி குடிக்க வேண்டும், மழை, கடை, மலேயாக் கடிதம் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்தான் தம்பியின் வயிற்றுக்கு வர வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வீடு முடிந்தால் அதிகம். போன வீட்டிலெல்லாம் ஒரே பதில்தான்: "வாயுவுக்கா ஆஸ்பத்திரி?"

கேட்பது நியாயம்தானே? வாயுவுக்கு யாராவது புதுக்கோட்டை போவார்களா? ஆகவே அவர்கள் எல்லாரும் மறுநாளே வாயு மருந்தோடு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். பெருங்காயம் வந்தது. சுக்கு வந்தது. ஓமத் தண்ணீர் போத்தல் போத்தலாக வந்தது. ஒரு வீட்டிலிருந்து பூண்டு லேகியம், இன்னொரு வீட்டிலிருந்து அதைவிடப் பழைய பூண்டு லேகியம். அப்புறம் வெறுங்கையோடு வரலாமா என்று முறுக்கும் சீடையும் நார்த்தங்காய் ஊறுகாயும். உப்பை அறவே குறைக்கச் சொன்ன மனுஷனுக்கு முன்னால் தட்டுத் தட்டாக உப்பு அடுக்கியிருந்தது. "வாயில வைங்க, எங்க வீட்டு முறுக்கைத் தொடாம விட்டா நாங்க என்ன நினைக்கிறது?" என்பார்கள். இவரும் எடுத்து வாயில் வைப்பார். 

படுக்க வேண்டியவர் காலையிலிருந்து முகப்பில் சாய்வு நாற்காலியில் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார். படுத்திருந்தால் வந்தவர்கள் ஒரு மாதிரியாக நினைப்பார்களாம். மூச்சு வாங்கும். பேசும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். "சாப்பாடு திருப்தியா இருந்தா இப்பிடித்தான் மூச்சு வாங்கும்" என்று ஒரு ஆச்சி எனக்கு எடுத்துச் சொன்னார். அந்த ஆச்சி இன்றைக்கு இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், அன்றைக்கு அந்த ஓமத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதை எழுத முடியாது.

இதில் பெரிய கொடுமை, என் வீட்டுக்காரரே அண்ணனுக்குமேல் முறை பார்த்தார். சாப்பாட்டுக்கு அண்ணன் வந்து உட்கார்ந்தால், "ஆறாம் வீட்டுக்குச் சொல்லியாச்சாண்ணே? அவுக கோவக்காரவுக" என்று நினைவுபடுத்துவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"ஒங்களுக்கு உசுரு பெருசா, ஆறாம் வீடு பெருசா?" என்று தனியாக இருக்கும்போது கேட்டுவிட்டேன்.

"ஏன் பறக்குற? எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டா மனசுல ஒண்ணும் இருக்காது. ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போகுது?" என்றார். அந்த இரண்டு நாள் என்பது எந்த நாளைக் கேட்டாலும் இரண்டு நாளாகவே இருந்தது. எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கோபத்தோடு கோபமாக அவர் காலைத் தலையணை வைத்து உயர்த்திவிட்டு, உப்பில்லாத கஞ்சியைக் கொண்டுவந்து வைப்பேன். ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்.

டாக்டர் கொடுத்த ஒரு வாரம் அப்படியே போயிற்று. ஒன்பதாம் வீட்டில் புதிதாக ஒரு முடிச்சு விழுந்தது. அந்த வீட்டு ஆச்சி கேட்டார்களாம்: "பினாங்குல இருக்காகளே எங்க பெரியவுக, அவுகளுக்கு எழுதிட்டீகளா?"

மூத்தாருக்கு முகம் விழுந்துவிட்டது. பத்தொன்பது வீட்டுக்கும் வயதில் மூத்தவர் பினாங்கில் கடை வைத்திருந்தார். வரிசைப்படி பார்த்தால் முதலில் அவருக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். எட்டு வீட்டுக்கு அவரை முந்திச் சொல்லியாகிவிட்டது! அன்றைக்கு மத்தியானம் மூத்தார் சாப்பிடவே இல்லை. தம்பி வயிற்றில் குடம் தண்ணீர் நிற்கிறது, அதற்குச் சாப்பிட்டார். பினாங்குக்கு எழுதவில்லை, அதற்குச் சாப்பிடவில்லை.

"தந்தி அடிச்சிரலாமே" என்றேன் தூணிடம்.

"தந்தியா? தந்தி போனா அங்க கேதம்னுல்ல நெனச்சுப் பதறிப் போயிருவாக! வயசான மனுஷர்" என்றார். தந்தி என்றால் எங்கள் ஊரில் சாவு ஒன்றுதான், அது உண்மைதான். உயிரோடு இருப்பவருக்குத் தந்தி அடிப்பது அவ்வளவு லட்சணமில்லை. ஆகவே கடிதம் எழுத உட்கார்ந்தார். மூன்று தடவை எழுதிக் கிழித்தார். ஈரல் என்று எழுத முடியாது. வாயு என்று எழுதினால் அதற்கா கடிதம் என்று பெரியவர் கோபித்துக்கொள்வார். கடைசியில் "தேக அசௌக்கியம்" என்று போட்டு, "தங்கள் உத்தரவு எதிர்பார்க்கிறோம்" என்று முடித்தார். ஆகாயத் தபாலில் போட்டார்கள். போய்ச் சேர்ந்து, அவர் நல்ல நாள் பார்த்துப் பதில் எழுதி, அது கடல் தாண்டி வந்து, தபால்காரர் சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்து கொடுக்கிற வரைக்கும் புறப்பாடு இல்லை என்று ஆயிற்று.

நான் அன்றைக்குத் தூணைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னேன்: "பதில் வர்ற வரைக்கும் அந்த வயிறு பொறுக்குமான்னு யாராச்சும் வயித்தைக் கேட்டுச் சொல்லுங்க." மூத்தார் அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பெண்பிள்ளைக்கு வாய் நீண்டுவிட்டது என்று பிறகு சமையல்கார அம்மாளிடம் சொன்னாராம்.

நாலைந்து நாள் போயிருக்கும். காலையில் இவருக்குக் குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போட்டும் பல் கிடுகிடுவென்று அடித்தது. நெற்றியில் கை வைத்தால் சுட்டது. வயிற்றில் வேட்டி பட்டாலே ஐயோ என்றார். டாக்டர் சொன்னது ஒவ்வொன்றாக வந்து நிற்கிறது. மூத்தார் வீட்டில் இல்லை. பதினோராம் வீடு பூட்டிக்கிடந்ததால் பன்னிரண்டாம் வீட்டுக்கு முதலில் சொல்லிவிட்டார், அது தெரிந்து பதினோராம் வீட்டுக்காரர் கொதித்துப்போய்விட்டார், அவரைச் சமாதானப்படுத்தப் போயிருந்தார். சமையல்கார அம்மாளை ஓடவிட்டேன். அவள் திரும்பி வந்து, "பேச்சு முடியப் போகுதாம், முடிச்சிட்டு வாராகளாம்" என்றாள்.

நான் இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ரொம்ப மரியாதையாக எழுந்து உட்காரப் பார்த்தார்.

"வாங்க ஆச்சி. நீங்க எந்த வீட்டு ஆச்சி? ஒங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா?" என்றார்.

நான் அவருக்கு வாழ்க்கைப்பட்டுப் பத்தொன்பது வருஷம்.  "ஐயோ சாமி, என்னையே தெரியலையே" என்று வாய்விட்டுக் கத்தினேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் வாசலில் நின்ற மனுஷர் உள்ளே வந்தார்.

அவர் அறந்தாங்கியில் எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர், ராவுத்தர். மீமிசல் கரையிலிருந்து கருவாடு வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரம். இரண்டு வாரமாக எங்கள் கடை திறக்காததைப் பார்த்து, புதுக்கோட்டைக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பார்க்க வந்திருக்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. எந்த வரிசையிலும் அவர் இல்லை.

இவருடைய வயிற்றைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். வாயுவா என்று கேட்கவில்லை. "ஆச்சி, லாரி வாசல்ல நிக்கிது. பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கே போயிரலாம். ஆனா ஏத்தியிருக்கிறது பூராக் கருவாடு, நாத்தம் தாங்குவாரா?"

"நாத்தம் தெரிஞ்சா நல்லதுண்ணே, உசுரு இருக்குன்னு தெரியும். தூக்குங்க" என்றேன்.

டாக்டர் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். பள்ளிக்கூடம் போயிருந்த பெண்களைப் பார்த்துக்கொள்ளச் சமையல்கார அம்மாளிடம் சொன்னேன். அன்றைக்கு நான் சொல்லிக்கொண்டு கிளம்பியது அவளிடம் மட்டும்தான். ராவுத்தரும் டிரைவருமாக இவரைத் தூக்கி முன்சீட்டில் நடுவில் வைத்தார்கள். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். ராவுத்தர் பின்னால் மூட்டைகளுக்கு மேல் ஏறிக்கொண்டார்.

லாரி எங்கள் தெருவழியாகத்தான் போயாக வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தலை தெரிந்தது. தெரு முனையில் பங்காளி ஒருவர் நடுவில் நின்று கையை நீட்டி மறித்தார். பதினைந்தாம் வீட்டுக்காரர். "எங்க போறீக? எங்க வீட்டுக்கு இன்னும் யாரும் வந்து சொல்லலையே!"

"இதோ சொல்லிட்டேன், நகருங்க!" என்றேன். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். ஆம்பளைகளைப் பார்த்து நான் அதுவரை அந்தத் தெருவில் குரல் உயர்த்தியதில்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

வழியெல்லாம் இவர் தலை என் தோளில் ஆடிக்கொண்டே வந்தது. ஏதேதோ பேசினார். ரங்கூன் தெருப் பெயர் சொன்னார், வேட்டி விலை சொன்னார். நான் ஒரு சாமியையும் விடவில்லை, எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், வரிசையெல்லாம் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களோடு கருவாட்டு வாசனையும் வார்டுக்குள் வந்தது. நர்ஸ் அம்மா ஒரு நொடி மூக்கைச் சுளித்தார், அடுத்த நொடி இவர் நாடியைப் பிடித்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர். கடிதத்தைப் படித்தார், தேதியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இது எழுதி எத்தனை நாளாச்சும்மா! இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"சொல்லிக்கிட்டிருந்தோம்" என்றேன்.

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

"எங்களைத் தவிர" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குள் இவரைச் சுற்றித் திரை போட்டுவிட்டார்கள்.

வயிற்றின் பக்கவாட்டில் ஊசி இறக்கி, ரப்பர் குழாய் வைத்து, எனாமல் வாளியில் நீரை இறக்கினார்கள். நான் திரைக்கு வெளியே நின்றேன். வாளியில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மோர் கலந்த மாதிரிக் கலங்கலாக இருந்தது என்றும், வயிற்று நீரில் விஷக்கிருமி சேர்ந்துவிட்டது என்றும், அதனால்தான் காய்ச்சல், அதனால்தான் ஆள் தெரியவில்லை என்றும் டாக்டர் வந்து சொன்னார். பென்சிலின் ஊசி மணிக்கு மணி போட வேண்டும் என்றார். "நாளைக்குக் கொண்டுவந்திருந்தா என் கையில ஒண்ணும் இருந்திருக்காதும்மா. இன்னிக்கும் நான் வாக்குக் குடுக்கலை. பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதேன். மூத்தார் மேல் கோபம், இவர் மேல் கோபம், எல்லாரையும்விட என் மேல்தான் கோபம். பெட்டியில் நாலு வேட்டி எடுத்து வைத்தவள், அன்றைக்கே கிளம்பியிருக்கலாமே? எந்தத் தூண் என் கையைப் பிடித்து இழுத்தது? முறை முறை என்று நானும்தானே வாசலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ராவுத்தர் தேத்தண்ணீர் வாங்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சரக்கை இறக்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். சொன்னபடி வந்தார். காய்ச்சல் விடுகிற வரைக்கும் தினமும் வந்தார்.

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. இவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"கருவாட்டு வாசனை அடிக்குதே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் இப்பிடி எளச்சுப் போயிட்ட? சாப்பிட்டியா இல்லையா?"

என்னைத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தக் கல்யாணத்திலும் நான் பார்த்ததில்லை. "இப்பக் கேளுங்க இதையெல்லாம்" என்று திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் உப்பு இல்லாமல் சாப்பிட்டு, நீர் இறங்குகிற ஊசியைத் தவறாமல் போட்டுக்கொண்டு, வயிறு ஏறினால் அன்றைக்கே வர வேண்டும் என்றார். "சொல்லிக்கிட்டிருக்காம வரணும்" என்று என்னைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில் ஊர் வந்தது. எல்லாரையும் சேர்த்துக்கொண்டு வர மூத்தாருக்கு அத்தனை நாள் ஆகியிருக்கிறது. இரண்டு பிளஷர் கார், ஒரு வாடகை வேன். பங்காளிகள் எல்லாரும் வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாகக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கையில் ஆரஞ்சுக் கூடை, ஹார்லிக்ஸ் போத்தல். மூத்தார் கட்டில் தலைமாட்டில் நின்றார். முகம் வாடித்தான் இருந்தது, நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த முறைக்காரர் எழுந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லாமக் கருவாட்டு லாரியில ஏத்திக்கிட்டு வந்துருச்சுப்பா ஒன் வீட்டுல" என்றார் தம்பியிடம். "கூப்பிடு தூரத்துலதான் நான் இருந்தேன். ஏழு வீட்டுல இன்னும் சொல்லக்கூட இல்லை. பினாங்குப் பதிலும் வரலை. ஊர்ல நான் எப்பிடித் தலைகாட்டுறது? கூடப்பிறந்த எனக்கே மூணாம் மனுஷன் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கு."

சுற்றி நின்றவர்கள் ஆமாம், ஆமாம் என்றார்கள். பதினைந்தாம் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். இவர் கையை லேசாகத் தூக்கி என்னை நிறுத்தினார். குரல் மெதுவாகத்தான் வந்தது. பத்தொன்பது வீடும் குனிந்து கேட்டது.

"கோவிச்சுக்கிராதீகண்ணே" என்றார். "நான் செத்திருந்தா மொத ஆளு ஒங்ககிட்டத்தான் வந்து சொல்லியிருக்கும். ஒரு வீடு விடாம, வரிசை தப்பாமச் சொல்லியிருப்பாக. பினாங்குக்குத் தந்தியும் போயிருக்கும். பொழைச்சுட்டேன், அதான் சொல்ல முடியலை."

 மூத்தார் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கவஸ்திரத்தை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால், குலுங்கிக் குலுங்கி அழுதார்.